ஏகாம்பரம் ஒதுக்கிய கேசட்டுகள்

போன மாதம் மரக்காணத்திலிருந்து ஒரு போன். வசந்தா பேசினார். என்னோடு வானொலி நிலையத்தில் வேலை பார்த்த ஏகாம்பரத்தின் மனைவி. ஏகாம்பரம் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

“அண்ணா, உங்ககிட்ட அவரு குரல் எதனா இருக்குதா?”

இருக்கும் என்றேன். வாழ்க்கை முழுவதையும் ஒலிப்பதிவில் கழித்த மனிதர்... குரல் இல்லாமலா போகும்?

“மொகம் போட்டோல இருக்குதுண்ணா. குரல்தான் கொஞ்சம் கொஞ்சமா மறந்து போவுது. நேத்து அவரு என்னைக் கூப்பிடற மாதிரி நெனச்சுப் பார்த்தேன், வரல. பயமா இருக்குது.”

தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது — என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை.

எப்படி என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் வானொலியில் பேச வேண்டுமானால் குரல் தேர்வில் தேற வேண்டும். ஏகாம்பரம் மூக்கால் பேசுவார். இரண்டு முறை போனார், இரண்டு முறையும் தேறவில்லை. அவர் ஒலிப்பதிவுப் பக்கம் போய்விட்டார். நான் அறிவிப்பாளர் ஆனேன்.

டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு உப்பளத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் போவார். உப்பு வாரும் பெண்களிடம் கேள்வி கேட்பார், அவர்கள் பதில் சொல்வார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலை, தன் கேள்விகளை வெட்டி எறிவது. வெட்டிய இடங்களில் அதே கேள்விகளை ஸ்டுடியோவில் உட்கார்ந்து நான் கேட்பேன். ஒலிபரப்பாகும்போது, நானே வெயிலில் நின்று விசாரித்த மாதிரி இருக்கும். ‘எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறீர்கள்’ என்று நேயர்கள் கடிதம் போடுவார்கள். நானும் வெட்கமில்லாமல் நன்றி சொல்லிப் பதில் எழுதியிருக்கிறேன்.

சத்தம் விஷயத்தில் ஆள் மகா கறார். ஒரு நாடகத்தில் கதாநாயகன் பனிமலையில் நடக்க வேண்டும். பனிக்கு எங்கே போவது? மரக்காணத்திலிருந்து ஒரு மூட்டை கல்லுப்பு கொண்டுவந்து தட்டில் பரப்பி, என்னை அதன்மேல் நடக்கச் சொன்னார். நறநறவென்று அசல் பனி. ஒன்பது முறை நடக்க வைத்தார். ஸ்டுடியோ தரை ஒரு வாரத்துக்குப் பிசுபிசுத்தது.

சரி, செல்போனில் இருக்குமே? இல்லை. வாய்ஸ் மெசேஜே அனுப்ப மாட்டார். ‘அதெல்லாம் ஒரு மைக்கா? தகரம்’ என்பார். எல்லாம் டைப்தான். மகள் கல்யாண வீடியோ? வீடியோக்காரர் பேச்சையெல்லாம் எடுத்துவிட்டு முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார். நிலையத்தில்? அங்கே பழைய டேப்பை அழித்துவிட்டு, அதன்மேலேயே புது நிகழ்ச்சியைப் பதிவது வழக்கம்.

ஒரு சனிக்கிழமை மரக்காணம் போனேன். பீரோ மேலிருந்து வசந்தா ஓர் அட்டைப்பெட்டியை இறக்கி வைத்தார். முப்பத்தொரு கேசட். ‘உப்பளம் – காலை’, ‘குப்பம் – வலை இழுப்பு’ என்று அவர் கையெழுத்தில். நாடகங்களுக்காகப் பிடித்து வைத்த சத்தங்கள். அவருடைய பழைய பிளேயர் இன்னும் ஓடியது.

ஒவ்வொன்றாகப் போட்டு, முதல் இரண்டு நிமிடம் கேட்டேன். இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டுத்தானே பதிவை ஆரம்பிப்பார்கள்? குரல் இருந்தால் அங்கேதான் இருக்கும். காற்று. தண்ணீர் இறைக்கும் மோட்டார். ஏதோ பறவை. மறுபடி காற்று... முப்பத்தொன்றிலும் இதே கதை.

“இல்லம்மா.”

“பரவால்லண்ணா. சாப்ட்டுப் போங்க.”

சாப்பிட்டேன். பஸ் ஏறும்போது வருத்தமாகத்தான் இருந்தது. கீழ்புத்துப்பட்டு வருவதற்குள் தூங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்து நாள் கழித்து மறுபடி போன்.

“அண்ணா, பேசறாரு.”

“யாரும்மா?”

“அவருதான். கேசட்டுல.”

நடந்தது இதுதான். வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று ஒரு கேசட்டைப் போட்டுவிட்டு வசந்தா மீன் ஆய உட்கார்ந்திருக்கிறார். கையெல்லாம் செதில், எழுந்து போய் நிறுத்த முடியவில்லை. ஒரு பக்கம் முழுக்க ஓடியிருக்கிறது. அரைமணி நேரக் காற்றுக்குப் பிறகு, கடைசியில் ஏகாம்பரம்.

“எல்லாக் கேசட்லயும் கடைசிலதாண்ணா பேசறாரு. மொதல்லயே பேசினா கொக்கெல்லாம் பறந்துடுமாம். எப்பவோ சொல்லியிருக்காரு, நான்தான் மறந்துட்டேன். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. இருபத்தாறு வருடம் அவர் கொண்டுவந்த சத்தங்களுக்கு நடுவே பேசிப் பேர் வாங்கியவன் நான். ஒருநாள்கூட அவரோடு உப்பளத்துக்குப் போனதில்லை. ஸ்டுடியோவில் ஏசி இருந்தது, போகத் தோன்றவில்லை. பேசிப் பிழைப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு... இரண்டு நிமிடம் யாரும் பேசாவிட்டால், அங்கே ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம்.

“என்னம்மா சொல்றாரு?”

போனைப் பிளேயர் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அந்த மூக்குக் குரல் — “மரக்காணம் உப்பளம். காலை ஆறரை. காத்து அதிகம். உபயோகப்படாது.”

அடுத்த கேசட்: “குப்பம். வலை இழுப்பு. நடுவுல நாய். உபயோகப்படாது.”

முப்பத்தொன்றும் இப்படித்தானாம். யோசித்தால் நியாயம்தான். நன்றாக வந்த பதிவுகளையெல்லாம் நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார், அவை அழிந்துபோயின. தேறாததை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

கேட்டேன். “எதுலயாச்சும் உன் பேரு சொல்றாராம்மா?”

“இல்லண்ணா. வேலை நேரத்துல என் பேரை எதுக்கு சொல்லப் போறாரு?” சிரித்தார். “தெனம் காலைல ஒரு கேசட்டு போடறேன். கடைசில ‘உபயோகப்படாது’ங்கறாரு. ‘படுதுங்க’ன்னு சொல்லிட்டு, அப்புறம் நிறுத்தறேன்.”