மாமா பாஸாகும் வரை

என் மகள் ஆறாவது படிக்கும்போது என் தம்பியின் எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் அட்டைகூடக் கசங்காமல் இருந்தது. தம்பி அதைத் தொட்டால்தானே கசங்கும்.

பள்ளிப்பட்டில் எங்கள் அப்பாவுக்குத் தறி. தம்பியையாவது தறியில் உட்கார வைக்காமல் உத்தியோகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று, திருத்தணியில் என் வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார். என்னை அஞ்சாவதோடு நிறுத்தி நூல் சுற்ற உட்கார வைத்தவரும் அவர்தான். என் கணவருக்கு மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரக் கடை. நான்கு குடித்தனம் இருந்த ஒரு வீட்டில் எங்களுக்கு ஒரு அறையும், சமைக்க ஒரு மூலையும். நான், கணவர், மகள், தம்பி எல்லோரும் அதற்குள்தான். யாராவது காலை நீட்டினால் இன்னொருவர் காலை மடக்க வேண்டும்.

ஒருநாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மகள் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ம்மா, அப்பாவுக்கு நாப்பது வயசு, புள்ளைக்குப் பத்து. அப்பா வயசு புள்ள வயச மாதிரி ஏழு மடங்கா எப்ப ஆவும்னு கேக்குறான்.”

“எப்ப ஆவும்?”

“ஆவாதும்மா. அது போயிடுச்சு. அஞ்சு வருஷம் முன்னாடியே ஆயிடுச்சு.”

நான் ஈரக்கையோடு விரல் விட்டுப் பார்த்தேன். முப்பத்தைந்து, ஐந்து. சரியாகத்தான் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். “தெரியாத ஒண்ணுக்கு ஒரு பேர் வெச்சுட்டா, அப்புறம் அதுவே வந்து நிக்குதும்மா” என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் முகம் இருந்த இருப்பு விளங்கியது. திருவிழாவில் தொலைந்துபோய்த் திரும்பக் கிடைத்த குழந்தையின் முகம் அப்படி இருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. சோறு கேட்டால் போடலாம், பாவாடை கேட்டால் தைத்துத் தரலாம். இவள் கேட்டது என்னிடம் இல்லாததாக இருந்தது. அது எங்கே கிடைக்கும் என்பதும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் கேட்டேன். அங்கே கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாக்பீஸ் தூளும் தலைவலியுமாக எப்போதும் இருப்பார். “உங்க பொண்ணு விடைய மட்டும் எழுதுறா. வழி எழுத மாட்டேன்றா. வழி இல்லேன்னா பாதி மார்க்குதான். யாரையோ பாத்து எழுதுறாளோன்னு எனக்குச் சந்தேகம்” என்றார். அந்த வகுப்பில் அவள் பார்த்து எழுதும் அளவுக்கு யாருக்குத் தெரியும் என்று கேட்க நாக்கு துடித்தது. டீச்சரைப் பகைத்துக்கொண்டு பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வர முடியுமா? வாயை மூடிக்கொண்டு வந்தேன். மகள் கணக்கை முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசுகிறாள் என்று, கணக்குப் பாடத்தில் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள்.

எங்கள் வீட்டின் இன்னொரு குடித்தனக்காரர் சீசன் டிக்கெட்டில் தினமும் மெட்ராஸ் ரயிலேறிப் போய் வருபவர். தம்பியின் புத்தகத்தை அவரிடம் காட்டி, “இதுக்கு அடுத்தது எதுனா பழைய புஸ்தகக் கடையில கெடச்சா வாங்கிகினு வாங்கண்ணா” என்றேன். அதற்கு என்ன பெயர் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவர் ஒரு வாரம் கழித்து வெறும் எண்களாகவே இருந்த ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஒரு பக்கத்தில்கூட ஒரு வரி எழுத்து இல்லை. லாகரிதம் டேபிள் என்றான் தம்பி, பேயைப் பார்த்தவன் மாதிரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளோ அதைக் கதைப்புத்தகம் மாதிரி படித்தாள். எண்களுக்கிடையே உள்ள வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிறதாம், ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று கூடுகிறதாம், அதனால் அங்கே அச்சுப் பிழையாம். ஓரத்தில் பென்சிலால் திருத்தி வைத்தாள். யாரிடம் போய் நான் இதைச் சொல்வேன்? என் கணவரிடம் சொன்னேன். “கடையில வியாபாரம் நேரத்துல வந்து புஸ்தகத்துல தப்புன்றியே” என்றார்.

எட்டாவது முடித்த கோடையில் அவள் பெரியவளானாள். முறைப்படி தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். தாய்மாமன் என்றால் வேறு யார், அறையின் இந்த மூலையில் இருந்தவன் குளித்துப் புதுவேட்டி கட்டிக்கொண்டு அந்த மூலைக்குத் தட்டோடு வந்தான். அவள் பிறந்தபோதே இவனுக்கு இவள் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்தது. நானும் பக்கத்தில் நின்று சிரித்தவள்தான். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது உரிமை. அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இனிமேல் பள்ளிக்கூடம் எதற்கு என்று பேச்சு வந்தது. நான் விடவில்லை. அடுப்பில் வைத்ததை இறக்காமல், தீய்ந்தால் தீயட்டும் என்று உட்கார்ந்து பேசினேன். கடைசியில் என் கணவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். அவருக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

“படிக்கட்டும், நான் வேணான்னு சொல்லல. உன் தம்பி பாஸ் பண்ண கிளாஸ் வரைக்கும் படிக்கட்டும். அதுக்கு மேல போனா நாளைக்கு அவன மதிப்பாளா இவ? அவன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணா இவளும் எழுதட்டும். அவன் காலேஜ் போனா இவளும் போவட்டும். யார் தடுக்கப் போறாங்க.”

தம்பி அதற்குள் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறிவிட்டு டுடோரியலில் படித்துக்கொண்டிருந்தான். அப்போதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினொன்றாவது. ஆக அவன் பாஸ் பண்ணியது பத்தாவது வரைதான். என் மகளின் தலைக்கு மேல் என் தம்பியைக் கூரையாகப் போட்டார்கள். அந்தக் கூரையோ கணக்கில் தேறாத கூரை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக இருந்தது. ஆனாலும் ஒரு வழி தெரிந்தது. தம்பி பாஸாகிவிட்டால் போதும், இவளுக்குக் கதவு திறக்கும்.

அதன் பிறகு எங்கள் அறையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மருமகள் மாமனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். மீசை வைத்த ஆள் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். இவள் தரையில் சாக்பீஸால் எழுதுவாள்.

“மாமா, இந்தப் பக்கம் இருக்கறத அந்தப் பக்கம் தூக்கிகினு போனா கூட்டல் கழித்தலாயிடும்.”

“ஏன் ஆவுது? அது பாட்டுக்கு இருக்க வேண்டியதுதானே.”

“தராசு மாமா. ரெண்டு தட்டுலயும் ஒண்ணா எடுக்கணும்.”

“ஆங், இப்ப புரிஞ்சிச்சு” என்பான். மறுநாள் அதே இடத்தில் விழிப்பான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். என் தம்பி தேயாத கல். நல்லவன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. கடைக்குத் தேங்காய் மூட்டை தூக்குவான், எனக்குத் தண்ணீர் இறைத்துத் தருவான். அவனைத் திட்டவும் மனசு வராது, திட்டாமல் இருக்கவும் முடியாது. மார்ச்சில் எழுதினான், போயிற்று. செப்டம்பரில் எழுதினான், போயிற்று. ஒவ்வொரு தடவையும் என் அப்பா பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, “உடு, ஆம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் சகஜம். மறுபடி எழுதுவான்” என்று டுடோரியலுக்குப் பணம் கட்டிவிட்டுப் போவார்.

மகள் ஒன்பது முடித்துப் பத்துக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு வகுப்பு ஏறும்போதும் சந்தோஷப்படுவதற்குப் பதில், கூரை இடிக்க இன்னும் எத்தனை வகுப்பு என்று விரல் விட்டு எண்ணினேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் எங்கள் தெருவழியாகப் போகும்போது எல்லோரும் பிள்ளைக்கு நோய் தீர வேண்டும், கல்யாணம் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். நான் என் தம்பிக்கு அல்ஜீப்ரா வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். முருகனுக்கே அந்த வேண்டுதல் புதிதாக இருந்திருக்கும்.

அந்த மார்ச்சிலும் தம்பி எழுதினான். எழுதிவிட்டு வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மகள் அவனிடம் கேள்வித்தாளை வாங்கி ஒவ்வொரு கணக்காக எப்படிப் போட்டாய் என்று கேட்டாள். கேட்டு முடித்ததும் தாளை மடித்து அவனிடமே கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள். அடுத்த மாதம் அவளுக்குப் பத்தாவது முழுப்பரீட்சை.

பரீட்சை முடிவு வந்தபோது அவள் கணக்கில் பெயில். பூஜ்யம்.

யாரோ தவறாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். எனக்குக் கணக்கு தெரியாதே என்று தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் விடைத்தாளை எடுத்து மேஜைமேல் போட்டார். அவர் குரலில் இத்தனை வருஷம் காத்திருந்த ஒரு திருப்தி இருந்தது.

“பாருங்க. வழியும் இல்ல, விடையும் தப்பு. நான் எதுக்கு மார்க் போடுறது?”

நான் பார்த்தேன். எனக்கு அது எறும்பு வரிசை. தம்பி மட்டும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டான். வெளியே வந்து மரத்தடியில் நின்றதும் அவன் முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, எல்லாத்துலயும் ஒண்ணு ஜாஸ்தி எழுதிக்கிறா.”

“இன்னாடா சொல்ற?”

“பன்னெண்டு வரணும்னா பதிமூணு. நாப்பதுன்னா நாப்பத்தொண்ணு. எனக்குத் தெரிஞ்ச கணக்கு வரைக்கும் பாத்துட்டேன். ஒண்ணுகூட வேற மாதிரி தப்பில்ல. சரியான விட தெரியாம இப்படித் தப்பா எழுத முடியாதுக்கா.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் கணக்கில் ஒன்றைத் தானாகக் கண்டுபிடித்திருந்தான். அது அவனை அடித்துப் போட்டது.

வீட்டில் என் கணவர் கடையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். செய்தி அதற்குள் அவருக்குப் போய்விட்டது. கோபமாகக்கூட இல்லை, ஒரு பாரம் இறங்கியவர் மாதிரிதான் இருந்தார். “சரி, பெயிலாயிட்டா. இதோட போதும். வர்ற தையில முடிச்சிடலாம், மாமனாருக்குச் சொல்லி அனுப்பு” என்றார்.

தம்பி குறுக்கே வந்தான். “பாவா, அவ வேணும்னே தப்பா எழுதிக்கிறா. அவளுக்கு எல்லாம் தெரியும்.”

“வேணும்னே பெயிலாவுறவள எதுக்குப் படிக்க வெக்கணும்?”

தெரியாமல் பெயிலானாலும் நிறுத்தலாம், தெரிந்தே பெயிலானாலும் நிறுத்தலாம். பாஸாகியிருந்தாலும் நிறுத்தியிருப்பார், பத்தோடு சரி என்று. எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

நான் மகளைப் பிடித்து உலுக்கினேன். “ஏண்டி இப்படிப் பண்ண? உனக்குப் பைத்தியமா?”

அவள் அழவில்லை. பாடம் ஒப்பிப்பது போல நிதானமாகச் சொன்னாள். “மாமா இந்தத் தடவையும் பாஸாவ மாட்டாரும்மா, நான் கேட்டுப் பாத்துட்டேன். நான் பத்து பாஸானா நைனா நிறுத்திடுவாரு. பெயிலானா அதே கிளாஸ்ல இன்னொரு வருஷம் இருக்கலாம். அதுக்குள்ள மாமா செப்டம்பர்ல ஒரு தடவ, மார்ச்சுல ஒரு தடவ எழுதலாம்.” பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். “மாமா பெயிலாவும்போதெல்லாம் எல்லாருமா மறுபடி படிக்க அனுப்பினீங்களே நைனா. அதான் என்னையும் அனுப்புவீங்கன்னு நெனச்சேன்.”

அவளுக்குத் தெரிந்த உலகத்தில் பெயிலானவர்களை என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம்தான் இருந்தது. அது எங்கள் அறையிலேயே படுத்துத் தூங்கியது. அதை வைத்துத்தான் அவள் கணக்குப் போட்டாள்.

“அவன் ஆம்பள” என்றார் என் கணவர். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். “இத ஏம்மா யாரும் எனக்கு மொதல்லியே சொல்லல?” என்று கேட்டாள். கோபத்தோடு கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கில் கொடுக்காமல் விட்டுவிட்ட ஒன்றைக் கேட்பது போல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நூல் சுற்ற உட்கார வைத்த அன்றைக்கே எனக்கு அது தெரியும். அது அவளுக்குத் தெரியாது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. தம்பி தனக்கு வேண்டாம், தறிக்கே போகிறேன் என்று என் அப்பாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அப்பா கேட்கவில்லை, செப்டம்பர் பரீட்சைக்கு மறுபடியும் கட்டிவிட்டுப் போனார். இந்தத் தடவை அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வீட்டில் நாள் முழுவதும் ஆள் இருந்தது.