அப்பாவின் இரண்டு கைநாட்டுகள்

எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளை மருந்தில் முக்குகிறவர். அம்மா வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுவாள். இரண்டு பேருக்கும் கைநாட்டுதான். நான் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தேன். திருத்தங்கலுக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊருக்கு விடுமுறையில் வந்தால், தெருவுக்கு வருகிற கடிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும்.

ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம் எனக்குத் திடப்படுத்தல் ஆனது; இனி நானும் சபையில் முழு அங்கம். அதற்கடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு நான் முதன்முதலாகப் பீடத்தின் முன் அப்பமும் ரசமும் வாங்கி இராப்போஜனம் எடுக்க வேண்டும். என் பக்கத்தில் அப்பாவும் முழங்கால் போட வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் ஆறு வருடமாக அப்பாவுக்கு இராப்போஜனம் இல்லை. சபை அவரை விலக்கி வைத்திருந்தது.

காரணம் நான்தான். மூன்றாம் வகுப்பில் எனக்கு அம்மை கண்டது. கண்ணைத் திறக்க முடியாமல், தண்ணீர் இறங்காமல் கிடந்தேனாம். அப்பா மூன்று நாள் ஜெபம் பண்ணிப் பார்த்தார். நாலாம் நாள் விடியுமுன் கிளம்பி நடந்தே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் பிழைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எங்கள் சபைக் கோயிலுக்கு வந்தார். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பார் போல. ஜெபத்துக்கு ஆண்கள் தலையைத் திறக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றதும் பழக்கதோஷத்தில் துண்டை எடுத்தார். அம்மா இப்போதும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அதிலிருந்து இராப்போஜனம் தொடங்கியதும் அப்பா எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். முடிந்த பிறகு வந்து பாய்களைச் சுருட்டி வைப்பார்.

திரும்பச் சேர வேண்டுமென்றால் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். அதைச் சபைக்கு முன்னால் படிப்பார்கள். 'இது உம்முடைய வார்த்தைதானா?' என்று குருவானவர் கேட்பார். ஆம் என்றால் முடிந்தது. அப்பாவுக்காக அந்தக் கடிதத்தை எழுத நான் இருந்தேன்.

"தாயி, இப்பிடி எழுது," என்றார் அப்பா. "பிள்ளை செத்துரும்னு பயந்துட்டேன். பயத்துல அங்கன ஓடுனேன். கர்த்தரை நம்பாமப் போனது என் தப்பு. என்னையச் சேத்துக்கிடணும். அம்புட்டுத்தான்."

எனக்கு அது கடிதமாகவே படவில்லை. இவ்வளவு சின்னதாக எழுதினால் சபைக் கமிட்டியில் ஒத்துக்கொள்வார்களா என்று பயம். என் படிப்பைக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பிசாசின் தந்திரத்தில் சிக்கியது, விக்கிரகத்தின் முன் விழுந்தது, அருவருப்பான பாவம், அற்பப் புழு எல்லாம் அதில் இருந்தன.

"எழுதியாச்சா?"

"ஆச்சுப்பா. படிச்சுக் காட்டவா?"

"நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்," என்று பெருவிரலை நீட்டினார்.

மாதம் ஒருமுறைதான் குருவானவர் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வருவார். அந்த ஞாயிறு வந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்கு முன்னால் நின்றார். ஊரில் கோயிலைக் கவனித்துக்கொள்கிற உபதேசியார் கடிதத்தைப் படித்தார். நல்ல குரல் அவருக்கு. என் வாக்கியங்களைக் கேட்க எனக்கே பெருமையாக இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய கதையைக் கேட்கிறவர் போல நின்றுகொண்டிருந்தார்.

"இது உம்முடைய வார்த்தைதானா?" என்றார் குருவானவர்.

அப்பா அந்தத் தாளையே பார்த்தார். குருவானவர் மறுபடி கேட்டார்.

"இல்லய்யா."

ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பாவின் சித்தப்பா சத்தம் போட்டார். "ஏலே, ஆமான்னு சொல்லிட்டு உக்காருலே! ஒத்த வார்த்தைதான?"

"ஆமான்னு சொல்லிட்டா அதுக்கு இன்னொரு மன்னிப்புக் கடுதாசி எழுதணுமே சித்தப்பா."

இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பின்ன யார் வார்த்தை இது?" என்றார் குருவானவர்.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "எழுதுனவுக நல்லாத்தான் எழுதியிருக்காக அய்யா. ஆனா என்னைய யாரும் ஏமாத்தல. அந்தக் கோயிலையும் நான் குத்தம் சொல்லல. அங்கன இருந்தவுக என்னைய உக்கார வச்சுக் கஞ்சி ஊத்துனாக. நான்தான் பயந்து ஓடுனேன்."

உபதேசியார் கடிதத்தை மடித்தார். "அய்யா, அடுத்த மாசம் கமிட்டியில வச்சுப் பேசிக்கிடலாம். உங்க பஸ்ஸுக்கும் நேரமாகுது."

அடுத்த மாதம் நான் விடுதியில் இருப்பேன். ஆறு வருடம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்த மனிதரை என் ஒன்றரைப் பக்கம் திரும்பவும் அங்கேயே அனுப்பப் போகிறது. நான் எழுந்தேன்.

"நான்தான்யா எழுதினேன். அப்பா சொன்னது நாலே வரி. மத்ததெல்லாம் நானாச் சேத்தது."

பெண்கள் பக்கத்தில் கிசுகிசுப்பு எழுந்தது. "படிச்ச பிள்ளைல்ல," என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. குருவானவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"தாள் இருக்கா?"

உபதேசியார் ஞாயிறு பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

"இங்க வாம்மா. அப்பா சொல்றதை எழுது. ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

பீடத்துப் படியில் உட்கார்ந்து எழுதினேன். அப்பா அதே நாலு வரியை, அதே வரிசையில் சொன்னார். பரீட்சையில்கூட நான் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை. மைப்பெட்டி இல்லை. என் பேனாவின் மையையே அப்பாவின் பெருவிரலில் தடவினேன். மருந்து ஏறிக் கறுத்த விரல். நீலம் அதில் பிடிக்கவே இல்லை. இரண்டாம் முறை தடவித்தான் விழுந்தது.

குருவானவரே படித்தார். படிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இது உம்முடைய வார்த்தைதானா?"

"ஆமய்யா."

குருவானவர் அப்பாவின் தலையில் இரண்டு கையையும் வைத்து ஜெபித்தார். அந்த ஜெபம் எனக்கு நினைவில் இல்லை. அம்மா முந்தானைக்குள் விம்மியதுதான் நினைவில் இருக்கிறது.

இராப்போஜனத்துக்கு ஆட்கள் முன்னால் போகத் தொடங்கினார்கள். நான் போகவில்லை. அப்பாவுடைய கைநாட்டை வாங்கி அவர் வாயில் பொய்யை வைத்தவள் நான். முதல் தடவையே எந்த முகத்தோடு கை நீட்டுவது? குருவானவர் அப்பத்தட்டோடு நின்றபடியே என்னைப் பார்த்தார்.

"நீ ஏன் உக்காந்துட்டே?"

"நான் கடிதம் கொடுக்கலையேய்யா."

"எல்லார் முன்னாலயும் எந்திரிச்சுச் சொன்னியே, அது என்ன? வாம்மா. அப்பா காத்திருக்கார்."

அப்பா பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தார். நான் அங்கே போய் முழங்கால் போட்டேன். குருவானவர் வைத்த அப்பம் அவருடைய உள்ளங்கையில், நீல மை படிந்த விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை உடனே வாயில் போடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் கையிலும் ஒன்று வந்தது.

குருவானவர் அன்று பஸ்ஸைத் தவறவிட்டார். எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார் என்பதை அம்மா தெரு முழுக்கச் சொன்னாள்.

அவர் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன், "என் மேல கோவமாப்பா?"

"எதுக்கு? ஆனா தாயி, அந்தப் புழு எதுக்கு?"

இப்போது நான் ஆசிரியை. மாலையில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கடிதம் எழுதச் சொல்லி வருகிறார்கள். எழுதி முடித்ததும் அவர்கள் விரலை நீட்டுவார்கள். "இருங்க, முதல்ல கேளுங்க," என்று படித்துக் காட்டுகிறேன். என்னை அன்றைக்குத் தள்ளி வைத்திருந்தால் இந்தக் கை யாருக்காகவும் பேனாவை எடுத்திருக்காது. இரண்டாவது தாளும் கொடுத்தாரே கர்த்தர், அதற்கு இன்னும் நன்றி சொல்லி முடியவில்லை.