பல்தானின் உடைந்த பாலம்

ஆகஸ்டு மாதம் இருபத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை. விடியும்போது வானத்தில் மேகம் இல்லை. காற்று எழுவதற்கு முன்னரே வெயில் எங்கள் ஊரான ஷிமோவின் பார்லி வயல்களில் இறங்கிவிட்டது. முந்தைய வாரம் பருவம் தப்பிப் பெய்த மழையில் ஊறிய மண்கூரைகளிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அன்றுதான் எங்கள் ஊர் வழிகாட்டி பல்தான், புனேயிலிருந்து வந்திருந்த கர்வே தம்பதியரை அழைத்துக்கொண்டு மலையேறப் புறப்பட்டான். குதிரைகளை ஓட்டிச் சென்றவர் அவனுடைய தாய்மாமன் ஈஷே. ஒரு குதிரையின் முதுகில், தீனிச் சாக்குக்குள், ஒரு பித்தளைக் குடம் ஒளிந்திருந்தது.

குடத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் பல்தானைப் பற்றிச் சொல்வதே முறை.

அவன் எங்கள் பள்ளியில் என்னிடம் படித்தவன். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால், "அறுபதுக்குக் கொஞ்சம் முன்னாடி, சார்" என்பான். தவறு என்று அடிக்கவும் முடியாது. சரி என்று மதிப்பெண் தரவும் முடியாது. அவனுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. தெளிவாக ஒன்றைச் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் மனம் எங்கேனும் கோணிவிடுமோ என்ற அச்சம் பிறவியிலேயே அவனுக்கு இருந்தது. பிற தொழில்களில் இது ஒரு குறை. வழிகாட்டித் தொழிலில் இதுவே முதலாயிற்று. மூச்சிரைக்க நிற்கும் மனிதர் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பது உண்மையை அறிவதற்காக அன்று. பல்தான் அவருக்கு, "டீ நேரத்துக்குப் போயிரலாம் சார்" என்பான். எந்த டீ என்று சொல்லமாட்டான். பாதை எப்படி இருக்கும் என்று கேட்டால், "கொஞ்சம் ஏத்தம், கொஞ்சம் இறக்கம்" என்பான். இமயமலை முழுவதையும் அந்த இரண்டு சொற்றொடருக்குள் அடக்கிவிட்டவன் அவன் ஒருவனே.

அவன் துணிந்து சொன்ன பொய் ஒன்றே ஒன்று உண்டு. அது கீழ்ப்பாலம் பற்றியது.

ஷிமோவிலிருந்து கர்பா, கர்பாவிலிருந்து கணவாய். கணவாயின் உச்சியில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் இறங்கினால் ஆறு, ஆற்றின் மேல் பாலம், பாலத்தைத் தாண்டினால் ரோடு. ஜீப் அங்கே காத்திருக்கும். வலப்பக்கம் போனால் இன்னொரு முகடு ஏறி யுல்மா என்ற ஊரில் தங்கி, மறுநாள்தான் ரோட்டை அடையலாம். ஓராண்டு வெள்ளத்தில் பாலம் உடைந்தது. அந்த ஆண்டு வழிகாட்டிகள் எல்லோரும் விருந்தினரை யுல்மா வழியாக அழைத்துச் சென்றார்கள். அடுத்த கோடைக்குள் பாலத்தைக் கட்டிவிட்டார்கள்; வழிகாட்டிகள் எல்லோரும் பழைய பாதைக்குத் திரும்பினார்கள். பல்தான் மட்டும் திரும்பவில்லை. அவனைப் பொறுத்தவரை பாலம் இன்றளவும் உடைந்தே கிடந்தது. யுல்மாக்காரர்கள் ரோட்டுக்கு இறங்குவது மலையின் மறுபக்கமாக. ஆகையால் அந்தப் பாலம் நின்றால் என்ன, விழுந்தால் என்ன என்று அவர்களும் விசாரிக்கவில்லை.

காரணம், யுல்மாவில் விருந்தினரைத் தங்கவைக்கும் வீட்டை நடத்திவந்த யாங்டோல். முதலாண்டு அந்த வீட்டு அடுப்படியில் பல்தான் உட்கார்ந்தபோது, அவன் கிண்ணத்தில் வெண்ணெய்த் தேநீர் ஒரு விரல் குறைவதற்குள் அவள் ஊற்றி நிரப்பினாள். எங்கள் பக்கத்தில் எந்த விருந்தாளிக்கும் செய்வதுதான். ஆனால் பல்தான் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டான். அதன்பின் ஆண்டுதோறும் மூட்டுவலிக்காரர்களையும் எடை மிகுந்தவர்களையும் ஒரு முகடு கூடுதலாக ஏற்றி அந்தக் கிண்ணத்தின் முன்னே உட்கார்ந்து, "இந்த வருஷம் பனி கம்மி" என்று சொல்லிவிட்டு மறுநாள் இறங்கிவந்தான். நாற்பது வயது கடந்தது. தலைமுடியில் நரை வந்தது. பனி கம்மி என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

இந்தக் கோடையில் செய்தி வந்தது. கீழே ரோட்டோரம் கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டிலிருந்து அடுத்த பௌர்ணமிக்குள் யாங்டோலைக் கேட்டுக் குடம் வரப்போகிறது. அவளுடைய அண்ணன் நம்க்யாலுக்கு மறுப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை.

இனிக் குடம். பெண் கேட்பதை எங்களிடையே வாயால் கேட்பதில்லை. பார்லியைப் புளிக்கவைத்து வடித்த சாங்கைக் குடத்தில் நிரப்பி, வாய் விளிம்பில் மூன்று இடங்களில் வெண்ணெய் அப்பி, கழுத்தில் வெள்ளைப் பட்டுத்துண்டு கட்டி, மணமகனின் தாய்மாமன் பெண் வீட்டு அடுப்புக்கு அருகில் கொண்டுபோய் வைப்பார். வைத்தபின் மழையைப் பற்றிப் பேசுவார். மாட்டைப் பற்றிப் பேசுவார். குடத்தைப் பற்றிப் பேசமாட்டார். வீட்டார் எடுத்துக் குடித்தால் சம்மதம். குடம் நிறைந்தபடியே திரும்பி வந்தால் இல்லை. வாய் திறவாமல் கல்யாணம் முடிக்கும் இந்த ஏற்பாடு பல்தானுக்காகவே செய்யப்பட்டது போல இருந்தது.

மாமா ஈஷேக்கு ஆண்டு முழுவதும் குதிரையோடு வேலை. பெண் கேட்கத் தனியாக ஒரு பயணம் போக அவருக்குப் பொழுது இல்லை. எனவே கர்வே தம்பதியரின் கூடாரம், அரிசி, அடுப்பு ஆகியவற்றோடு குடமும் சேர்ந்துகொண்டது. நல்ல வேளை பார்த்து வெண்ணெயையும் துண்டையும் ஷிமோவிலேயே வைத்துக் கட்டிவிட்டார்கள். அங்கேதான் பிழை தொடங்கியது.

கர்பாவில் அவர்கள் தங்கியது குங்கா என்பவர் வீட்டில். மாமா குடத்தை முதலில் தொழுவத்தில்தான் இறக்கினார். ஆனால் அங்கே கட்டியிருந்த ஆடு சாக்குக்குள் மூக்கை விட்டு வெண்ணெயை மோப்பம் பிடித்தது. வெண்ணெய் போன குடத்தை வைத்துப் பெண் கேட்பதாவது! மாமா குடத்தைச் சாக்கிலிருந்து எடுத்தார். குளிரில் சாங் செத்துவிடக் கூடாது என்று நினைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய் அடுப்புக்கு அருகில் வைத்துவிட்டு, குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

குங்காவுக்குத் திருமணமாகாத மகள் ஒருத்தி உண்டு, பெயர் ஆங்மோ. அவளைக் கேட்டு வந்த குடங்களையெல்லாம் அவள் நிறைந்தபடியே திருப்பி அனுப்பியிருந்தாள். அன்று அவள் மேய்ச்சல் மேட்டில் மாடுகளோடு இருந்தாள். குங்கா அடுப்படிக்கு வந்தார், வெண்ணெயைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், மகள் இல்லாத வாய்ப்பையும் பார்த்தார். அடுத்த வீட்டிலிருந்து தம்பியைக் கூப்பிட்டார். பல்தான் உள்ளே நுழைந்தபோது குடம் பாதி காலியாகியிருந்தது. கர்வே கையில் இரண்டாவது கிண்ணம் இருந்தது. அவருக்கு ஏப்பமும் வந்திருந்தது.

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றும் அமைந்த ஒரு சிறு வாக்கியம். குங்கா கண் கலங்கப் பல்தானின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு நின்றார். பல்தான் அவர் முகத்தைப் பார்த்தான், வாயைத் திறந்தான்.

"இன்னிக்குக் குளிர் கொஞ்சம் அதிகம்தான், இல்லையா அபாலே?" என்றான்.

அபாலே, அதாவது அப்பா என்று அழைக்கும் அடக்கமான மாப்பிள்ளை என்று குங்கா மேலும் மகிழ்ந்தார். அவருடைய தம்பியோ பொழுது சாய்வதற்குள் செல்போனுக்குக் கோபுரம் எட்டும் பாறைக்கு ஏறிப்போய், யுல்மாவில் இருக்கும் தன் சகலைக்குச் செய்தியைச் சொல்லிவிட்டு இறங்கினார்.

மாமா ஈஷே நடந்ததை அறிந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஆட்டை ஒருமுறை திட்டினார். பிறகு மருமகனைத் திட்டினார். ஆட்டுக்காவது வாய் இருக்கிறது, கத்துகிறது என்றார்.

மறுநாள் காலையில் குதிரைகளுக்குச் சேணம் கட்டும்போது ஆங்மோ வந்தாள். தோளில் அதே குடம், நிறைந்திருந்தது. விளிம்பில் புது வெண்ணெய்.

"அச்சோலே, நேத்து எங்கப்பா குடிச்சது இருக்கே, அதுல உங்களுக்குச் சம்மதமா?"

"அதை எப்படிச் சொல்றது, நோமோ..." என்று, அண்ணன் என அழைத்தவளைத் தங்கை என அழைத்துப் பல்தான் இழுத்தான்.

"நீங்க சொல்லமாட்டீங்கன்னு தெரியும். நான் சொல்றேன். எனக்குச் சம்மதமில்ல. இது எங்க வீட்டுச் சாங். உங்களதை விடக் கெட்டி. எடுத்துக்கிட்டு, எங்க கொண்டுபோகணுமோ அங்க கொண்டுபோங்க."

"அப்பா மனசு..."

"அப்பாவுக்குச் சாங் நல்லாருந்துது. அது போதும் அவருக்கு." குடத்தை மாமாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், நின்று சொன்னாள். "போன மாசம் மாட்டை ஓட்டிக்கிட்டுக் கீழ்ப்பாலத்து மேலதான் போனேன். நீங்க உடைஞ்சிருக்குன்னு சொல்ற பாலம். யுல்மாவுல போய் அந்தக் கதையைச் சொல்லுங்க. இந்தச் சாங்கைவிட அது வேலை செய்யும்."

பல்தான் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு ஆம் என்றும் பொருள் கொள்ளலாம். காற்று பலமாக அடித்தது என்றும் கொள்ளலாம்.

கணவாயை ஏறி முடித்ததும் கர்வே ஒரு கல்லின்மேல் சாய்ந்தார். அவர் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தின் கோணலைக் கண்ணால் அளந்தவர். கீழே ஆற்றின் குறுக்கே ஏதோ பளபளப்பதைக் கண்டு, அது பாலம்தானே என்று கேட்டார்.

"இங்கேருந்து பார்த்தா பாலம் மாதிரிதான் இருக்கும் சார்" என்றான் பல்தான்.

கர்வேயின் மனைவி வசுதா, அதில் யாரோ மாடு ஓட்டிப் போவது போலவும் இருக்கிறதே என்றார். மலையில் வெயில் அப்படியெல்லாம் காட்டும் என்று பல்தான் சொல்லிவிட்டு வலப்பக்கம் திரும்பி நடந்தான். மாமா குதிரையின் காதில் ஏதோ சொன்னார். குதிரை மட்டுமே அதைக் கேட்டது.

முகட்டில் ஏறி இறங்கி அவர்கள் யுல்மா சேர்ந்தபோது, ஊரே அவர்களை ஒரு மாதிரி பார்த்தது. யாங்டோலின் வீட்டில் வழக்கம்போல வரவேற்பு இருந்தது, விருந்தினருக்கு மட்டும். கர்வேக்குக் கம்பளம் விரித்தாள். வசுதாவின் கால்களுக்கு வெந்நீர் வைத்தாள். பல்தானுக்கு முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்தாள். அதில் எதையும் ஊற்றவில்லை. அந்த வீட்டில் அவன் காலிக் கிண்ணத்தை முதன்முறையாகப் பார்த்தான். அடியில் ஒரு நீலப் பூ வரைந்திருந்தது. அதுவரை அவனுக்கு அது தெரியாது.

மாமா முறைப்படி குடத்தை அடுப்பருகில் வைத்தார். இந்த ஆண்டு புல் நன்றாக வளர்ந்திருக்கிறது என்றார்.

நம்க்யால் குடத்தைக் கண்ணால் ஒரு சுற்று சுற்றினார். "கர்பாவுல மிச்சமானதா, அஜங்லே?" என்று மாமாவைக் கேட்டார்.

"மிச்சமில்ல, இது புதுசு" என்று மாமா அவசரமாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் அது மிச்சம் என்பதைவிட மோசமான விடை என்று அவருக்கு உறைத்தது. ஆட்டின் கதையைத் தொடங்கினார். ஆடு, வெண்ணெய், அடுப்பு, குங்காவின் தம்பி என்று அது வளர வளர, கேட்டவர்களுக்கு ஆடே பெண் கேட்கப் போனது போல ஆயிற்று. ஆங்மோ மறுத்ததையும் சொன்னார். நம்க்யாலுக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை.

"அங்க வேணாம்னாங்க, அதனால இங்க வந்தாச்சு. அப்படித்தானே?" என்றார் நம்க்யால். "வழிகாட்டிக்கு வழியில இருக்கிற வீடெல்லாம் ஒண்ணுதான். நாளைக்கு ரோட்டோரம் ஒரு வீடு இருந்தா அங்கேயும் இறக்கி வைப்பீங்க. கடைக்காரர் அவர் வீட்டுலேருந்து நேரா இங்க வர்றாரு. எங்க வீட்டுக்குன்னே வர்றாரு. அது மரியாதை."

அவர் குடத்தைத் தூக்கி மாமாவின் பக்கம் நகர்த்தினார். வாசலைத் தாண்டவில்லை; ஆனால் திசை வாசலை நோக்கியே இருந்தது. பல்தான் காலிக் கிண்ணத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பனி கம்மி என்று சொல்லும் இடமும் அது இல்லை.

கம்பளத்தில் கால் நீட்டிக் கிடந்த கர்வேக்கு இவர்களுடைய பேச்சு புரியவில்லை. முழங்கால் வலி மட்டும் புரிந்தது. தைலத்தைத் தேய்த்தபடியே, வீட்டாருக்கும் புரியட்டும் என்று மனைவியிடம் இந்தியில் புலம்பினார். "எல்லாம் அந்தக் கீழ்ப்பாலத்தால வந்தது. அது மட்டும் உடையாம இருந்திருந்தா இந்நேரம் ஜீப்புல சாய்ஞ்சுக்கிட்டுப் போயிருப்போம். இந்த முகட்டையே ஏறியிருக்க வேண்டாம்."

யாங்டோலுக்கு இந்தி தெரியும். தேநீர்ச் சட்டியோடு நின்றவள் அப்படியே நின்றாள். கீழ்ப்பாலம் உடைந்தது எந்த ஆண்டு என்று அவள் மனத்துக்குள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு கோடையில் வேறு வழிகாட்டிகளும் வந்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. இவன் மட்டும் வந்தான். மாமா ஈஷே பிற்பாடு என்னிடம், அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்லத் திரும்பியது என்றார். குதிரை காதைத் திருப்புவது போல என்று விளக்கினார்; அவருக்குத் தெரிந்த உவமை அதுதான்.

அவள் பல்தானுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். குடம் நடுவில் இருக்கும்போது பேசக்கூடாது என்பது வழக்கம். அவள் பேசினாள்.

"அந்தப் பாலம் இன்னுமா உடைஞ்சு கிடக்கு?"

பல்தான் மாமாவைப் பார்த்தான். மாமா கூரையைப் பார்த்தார். கர்வேயைப் பார்த்தான், பாலம் என்ற சொல்லைக் கேட்டு அவரும் தைலக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மனம் கோணக்கூடியவர்கள் எல்லோரும் அந்த அறையிலேயே இருந்தார்கள். பல்தான் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"இல்ல. உடைஞ்ச மறுவருஷமே கட்டிட்டாங்க."