அவர் பார்த்தாரா

இருபத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டியவருக்குப் பணிமனையில் வைத்த பெயர் நிதானம். பச்சை விளக்கு மஞ்சளாக மாறும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார். முன்னால் ஒரு சைக்கிள் போனால் அதன் பின்னாலேயே ஊர்வலம் போவார். "அவசரம்னா இறங்கி நடந்துடுங்க, எங்களுக்கு முன்னாடி போய்ச் சேந்துடலாம்" என்று அவருடைய நடத்துனர் பயணிகளிடம் சொல்வதுண்டு. நிதானம் அதைக் கேட்டுக் கண்ணாடியில் சிரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஓரமாக நின்றிருந்த தண்ணீர் லாரியின் மறைவிலிருந்து ஒரு பெரியவர் சாலைக்குள் வந்தார். கையில் எக்ஸ்ரே படம் வைக்கும் பெரிய பழுப்பு உறை. வண்டியின் வேகம் முப்பதுகூட இல்லை. பிரேக்கை மிதித்த மிதியில் நடத்துனர் நான்கு இருக்கை தள்ளிப்போய் விழுந்தார். பெரியவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார்.

விசாரணையில் நிதானம் சொன்னது ஒரே வரி. "திடீர்னு வந்துட்டார் சார்." அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அவர் மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் அவருடைய கால் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சாலையோரத்தில் எந்த வண்டி நின்றாலும் வலது கால் தானாகப் போய் பிரேக்கை அழுத்தியது. ஒரு நாள் காலியான சாலையில் ஏழு தடவை நிறுத்தினார். பயணிகள் திட்டினார்கள். இரண்டு மாத விடுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை சாப்பிட்டார். கண்ணை மூடினால் அந்த உறை பறந்து வந்து முன்கண்ணாடியில் ஒட்டும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நடத்துனர்தான் வழி சொன்னார். "ஒரு அம்மா இருக்காங்க. ஹிப்னாடிசம் பண்றாங்க. எனக்கு சிகரெட்டு நின்னதே அவங்களாலதான்."

"உனக்கு வாய்ல, எனக்கு மனசுல" என்றார் நிதானம். ஆனாலும் போனார்.

மருந்துக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. சாய்வு நாற்காலி, கனத்த திரைச்சீலை, சுவரில் ஒரு பித்தளைக் குமிழ். அந்த அம்மா மாயமந்திரம் எதுவும் பேசவில்லை. "நடந்தத மாத்த முடியாது சார். அது உங்களுக்குள்ள ஓடற விதத்த மாத்திப் பாக்கலாம்" என்றார். குமிழைப் பார்க்கச் சொல்லிப் பத்திலிருந்து கீழே எண்ணினார். ஐந்து வருவதற்குள் நிதானத்தின் இமைகள் தானாக மூடிக்கொண்டன.

முதலில் அந்தக் காட்சியைத் தூரத்துத் திரையில் ஓடும் படமாகப் பார்க்கச் சொன்னார். அடுத்த முறை நிறம் இல்லாமல். அதற்கடுத்த முறை பின்னோக்கி. நான்காவது வாரம் முடிவை மாற்றினார்கள். பெரியவர் லாரியின் ஓரத்தில் நிற்கிறார், வண்டியைப் பார்க்கிறார், புன்னகைத்தபடி ஓர் அடி பின்வாங்குகிறார், வண்டி போனதும் சாலையைக் கடக்கிறார். இதையே வீட்டிலும் காலையில் இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணாடி முன் நின்று, "நான் அமைதியா இருக்கேன். என் கால் என் பேச்சைக் கேக்கும்" என்று சொல்ல வேண்டும். பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்துக்குக் கிளம்பும் அவர் மனைவி, அது முடியும்வரை செருப்பை மாட்டாமல் காத்திருப்பார்.

பலித்தது. மூன்றாம் மாதம் வண்டி எடுத்தார். லாரிகளைத் தாண்டிப் போனார். தூக்கம் வந்தது. நடத்துனர் பழைய கிண்டலை மறுபடி ஆரம்பித்தார்.

நான்கு மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் மதியம் பணிமனை வாசலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள், வெள்ளை மேலங்கியை மடித்துக் கையில் வைத்திருந்தாள். இறந்துபோன பெரியவரின் மகள் என்றாள். நிதானம் எழுந்து நின்றுவிட்டார்.

"சண்டைக்கு வரல சார். உக்காருங்க" என்றாள். "அப்பா அன்னிக்கு எக்ஸ்ரே வாங்கிட்டு வந்தார்ல. அதுல நுரையீரல்ல பெரிய கட்டி. டாக்டர் அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கார். எனக்குப் போன வாரந்தான் தெரியும்."

நிதானம் உட்காராமல் நின்றார்.

"அவர் மொகத்தக் கடைசியா பாத்தது நீங்கதான். வண்டியப் பாத்துட்டு வந்தாரா? பாக்காம வந்தாரா? அது மட்டும் சொல்லுங்க."

நிதானம் கண்ணை மூடினார். லாரி வந்தது. பெரியவர் வந்தார். வண்டியைப் பார்த்தார், புன்னகைத்தார், பின்வாங்கினார். நிதானம் திரும்ப முதலிலிருந்து நினைத்துப் பார்த்தார். பெரியவர் மறுபடியும் புன்னகைத்தார். நிதானம் கண்ணைத் திறந்தார்.

"ஞாபகம் வரலம்மா" என்றார். "ஒரு வாரம் குடுங்க."

மறுநாளே மருந்துக்கடை மாடிக்கு ஓடினார். "அத எனக்குத் திருப்பிக் குடுங்க. எவ்வளவு பயம் வந்தாலும் பரவாயில்ல."

அந்த அம்மா திரைச்சீலையை விலக்கிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். "தோண்டினா ஏதாவது வரும் சார். ஆனா வர்றது நெஜமா, மனசு கட்டிக் குடுத்ததான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்படி ஒருத்தர் வந்து கேப்பாங்கன்னு நான் யோசிக்கல."

அவர் கெஞ்சினார். மூன்று நாள் முயன்றார்கள். முதல் நாள் பெரியவர் தரையைப் பார்த்தபடி வந்தார். இரண்டாம் நாள் நேராக இவர் கண்ணைப் பார்த்தார். மூன்றாம் நாள் உறை முகத்தை மறைத்திருந்தது. மூன்றுமே நிஜம் போலவே இருந்தன.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "பாக்கலேன்னு சொல்லிடுங்க. அந்தப் பொண்ணுக்கு மனசு ஆறும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"தெரியாதத எப்படிச் சொல்றது?"

"தெரியலேன்னு சொல்லி என்ன பண்ணப் போறீங்க?"

அடுத்த வாரம் அவள் வந்தபோது நிதானம் சொன்னார். "பாக்கலம்மா. கீழ பாத்துட்டு வந்தார். பாவம், வண்டி வர்றதே அவருக்குத் தெரியாது." முந்தின நாள் மாலை பூராவும் சொல்லிப் பழகிய வாக்கியம். கண்ணாடி முன் நின்றுதான் பழகினார்.

அவள் அவரையே பார்த்தாள். "போன வாரம் ஞாபகமே இல்லன்னீங்க."

"இப்ப வந்துருச்சு."

"அப்பா கவர எந்தக் கைல வச்சிருந்தார்?"

"வலது கைல" என்றார். சொல்லும்போதே குரல் தேய்ந்தது.

அவள் மேலங்கியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அப்பாவுக்கு வலது கைல மூணு விரல் மடங்காது சார். எதையும் அதுல பிடிக்க மாட்டார்." கோபமாகச் சொல்லவில்லை. "நல்லது நெனச்சுத்தான் சொல்லியிருக்கீங்க. தெரியுது." வாசலைத் தாண்டி வெயிலில் நடந்து போனாள். அதற்குப் பிறகு வரவில்லை.

நிதானம் காலைப் பயிற்சியை நிறுத்தினார். பயம் திரும்பி வந்தால் அதனுடன் அந்த முகமும் வரும் என்று நம்பினார். விடுமுறை நாளில் அதே இடத்தில் போய் நின்று, வருகிற பேருந்துகளைப் பார்த்தார். கால் பதறவில்லை. தூக்கமும் கெடவில்லை. ஒரு நாள் நோட்டில் நடந்ததை எழுத உட்கார்ந்தார். இரண்டு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் எந்த வரி நடந்தது, எந்த வரி நாற்காலியில் வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

ஓட்டுநர் வேலையிலிருந்து மாற்றிவிடும்படி கடிதம் கொடுத்தார். மேலாளர் திகைத்தார். "கால் சரியாயிடுச்சுதானே?"

"ஆயிடுச்சு சார்."

"தூக்கம்?"

"வருது."

"அப்புறம் என்னய்யா?"

நிதானம் கடிதத்தை மேசையில் அவர் பக்கம் நகர்த்தினார். மேலாளர் 'சொந்தக் காரணம்' என்று எழுதிக்கொண்டார்.

இப்போது டயர் பிரிவில் இருக்கிறார். தேய்ந்த டயர்களைத் தட்டிப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறி போடுகிற வேலை. "கொணமாயிட்டீங்க, அது போதாதா?" என்று மனைவி கேட்பதை விட்டுவிட்டார். வீட்டில் இருவரும் காய்கறி, வாடகை, மழை என்று பேசிக்கொள்கிறார்கள்.

நடத்துனர் ஒரு தடவை தேநீர் வேளையில் சொன்னார். பெரியவரின் மகள் தினமும் காலையில் தான் போகும் வண்டியில்தான் வேலைக்குப் போகிறாளாம். பின்னால் எத்தனை இடம் காலியாக இருந்தாலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, இறங்கும்வரை முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தபடியே வருகிறாளாம். நிதானம் டம்ளரைக் கழுவி வைத்தார். இனி அவளைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம் என்று நடத்துனரிடம் கேட்டுக்கொண்டார்.