சாயம் பூசிய துப்பறிவாளரும் அம்மாவின் குரலும்

டிப்போவில் அவளுக்கு ‘ஹாரன் அக்கா’ என்று பெயர். பஸ் ஓட்டுபவள், வாயைத் திறந்தால் கடைசி சீட்டுக்காரரும் நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் குரல் யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியாது. விவரம் தெரியும் முன்பே அம்மா இறந்துபோய்விட்டாள். வளர்த்து ஆளாக்கியவள் சித்தி. சின்ன வயதில் இவள் அழும்போதெல்லாம், “உங்கம்மா சினிமாவுல நடிச்சவடி” என்பாள் சித்தி. அழுகையை நிறுத்தச் சொன்ன கதை என்றே இவள் நினைத்திருந்தாள்.

கல்லூரியில் படிக்கும் மகள் எங்கெங்கோ தேடி அந்தப் படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் துப்பறியும் படம். ஞாயிறு மத்தியானம் சித்தியோடு மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

துப்பறிவாளர் தமிழராம். நடித்தவரோ வெள்ளைக்காரர். முகத்தில் அப்பிய சாயம் கழுத்தோடு நின்றிருந்தது.

“நம்மாளு ஒருத்தர்கூடவா கிடைக்கல? பத்திக்கிட்டு வருது” என்றாள் மகள்.

“நம்மாளுங்களுக்குத் தட்டு தூக்குற வேஷம்தான். இங்க நடந்த ஷூட்டிங்குல உங்க பாட்டி துணி தேய்ச்சுக்கிட்டிருந்தா. நடிக்க வேண்டியவ வரலைன்னு இவளை இழுத்துவிட்டாங்க. பொறு, வருவா” என்றாள் சித்தி.

வந்தாள். கொலை நடந்த மாளிகையில், கையில் தட்டோடு ஒரு சின்னப் பெண். துப்பறிவாளர் தமிழ் என்று நினைத்துக்கொண்டு எதையோ உளறிக் கொட்டினார். அவள் முகம் மாறாமல், கணீரென்று பதில் சொன்னாள்:

“ஐயா, வேர்வையில மூஞ்சிச் சாயம் வழியுது. துடைச்சுக்கோங்க.”

துப்பறிவாளர் கம்பீரமாகத் தலையாட்டிவிட்டு இங்கிலீஷில் அறிவித்தார்: “எஜமான்தான் கொலைகாரன் என்கிறாள்!”

மகள் சோபாவிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தாள். ஹாரன் அக்கா சிரிக்கவில்லை. ரிமோட்டை எடுத்து அந்த இடத்தை மறுபடி ஓட்டினாள். மறுபடியும். திரையில் கேட்டது ஹாரன் அக்காவின் குரலேதான்.

“நீ பொய் சொல்றேன்னே நினைச்சுட்டேன் சித்தி.”

“தெரியும்டி. அழுகை நின்னுச்சே, எனக்கு அது போதும்.”

அவள் சித்தியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பாட்டி பேரைக்கூடப் போடலையேம்மா!” மகளுக்குக் கோபம் அடங்கவில்லை.

“தப்புதான். ஆனா அவ சொன்னது அவங்களுக்குப் புரிஞ்சிருந்தா அந்த சீனையே வெட்டித் தூக்கிப் போட்டிருப்பாங்க. புரியாத புண்ணியத்துல எங்கம்மா எனக்குக் கிடைச்சுட்டா.”

சித்திக்கு நோகுமோ என்று இத்தனை காலம் கேட்காமலே இருந்ததை அன்றைக்குத்தான் கேட்டாள்.

“அம்மா வேற என்னல்லாம் பேசுவா, சித்தி?”

“பேச்சு பிரமாதம். சமையல்தான் வாயில வைக்க முடியாது” என்று சித்தி தொடங்கினாள். டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.