மொட்டைப் பூனைக்கு வீடு பார்த்த சவரியம்மாள்

சவரியம்மாள் இறந்துபோன செய்தியை எங்களுக்குக் கொண்டு வந்தது ரயில்தான். குளுவாங்கிலிருந்து வந்த வண்டியின் கார்டு எங்கள் சிகாமட் ஸ்டேஷனில் இறங்கிப் போர்ட்டரிடம் சொன்னார். எஸ்டேட்டுச் சாமான் எடுக்கப் போயிருந்த என் கணவரிடம் போர்ட்டர் சொன்னார். ரயில்வேக் குடும்பங்களின் நல்லது கெட்டது இப்படித்தான் ஊர் ஊராகப் போய்ச் சேரும் என்பது இதைப் படிக்கும் சகோதரிகளுக்குத் தெரியும். அவர் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலேயே, "சவரி அக்கா போயிட்டாங்களாம்" என்றார். என்ன காய்ச்சல், எந்த ஆஸ்பத்திரி, பக்கத்தில் யார் இருந்தார்கள், கடைசியில் ஏதாவது பேசினார்களா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். "போனதுக்கு அப்புறம் கேட்டு என்ன செய்யப் போற?" என்றார்.

அது நடந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று நம் மாதர் கூட்டத்தில் அன்றே சொன்னீர்கள். குழந்தைக்குக் கக்குவான் இருமல். அது தணிந்ததும் எனக்குக் காய்ச்சல். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத உட்கார்ந்தால் முதலில் ஞாபகம் வருவது ஒரு பூனைக்குட்டிதான். அக்காவின் எத்தனையோ பெரிய காரியங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்பது எனக்குப் புரிந்தது அந்தக் குட்டியால்தான்.

நான் சென்னையில் காலேஜ் படித்துவிட்டு, கல்யாணமாகி, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியின் மனைவியாகக் கப்பலேறி இந்த மலாய் நாட்டுக்கு வந்தவள். ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு பலகை வீடு. பிரசவமாகி மூன்றாம் நாள், ரயில்வே கேங் மேஸ்திரியின் சம்சாரம் என்று சொல்லிக்கொண்டு ஓர் அம்மாள், நான் அழைக்காமலேயே, பிரசவ லேகியத்தோடு வந்து நின்றார். குழந்தையை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "புள்ள நல்லாத்தான் இருக்கு. நீதான் பயந்து பாதியாயிட்ட" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா, நான் அவருக்குத் தங்கச்சி. அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர், நாங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் என்பதெல்லாம் அந்த உறவில் எங்கேயும் இடிக்கவில்லை.

என் பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படிப்பு அதைக் குறைக்கவில்லை. பயப்படுவதற்குக் கூடுதல் காரணங்களைத்தான் கொடுத்தது. குழந்தை தும்மினால் புத்தகத்தில் படித்த நோய்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பவும் எழுந்துபோய்ப் பார்ப்பேன். என் கணவர் எனக்குக் 'கேள்விக் கிடங்கு' என்று பெயர் வைத்திருந்தார்.

குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு நாள், அக்கா எங்கள் வீட்டுக்கு வருகிற வழியில், பால் நிறுக்கும் கொட்டகையில் கூச்சல் கேட்டு உள்ளே போயிருக்கிறார். எங்கிருந்தோ வந்த குட்டிப் பூனை ஒன்று ரப்பர்ப் பால் வாளிக்குள் விழுந்துவிட்டது. எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார்கள். பால் உறைந்து, முதுகிலிருந்து வால் வரை ரப்பர் ஷீட் போர்த்திய மாதிரி ஆகிவிட்டது. பின்னங்கால் இரண்டும் ஒட்டிக்கொண்டு அசைக்க முடியவில்லை. அது செத்துவிடும், தூக்கி எறியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நடுவிலிருந்து அக்கா அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்துவிட்டார். தேங்காய் எண்ணெய் கேட்டார், கத்தரிக்கோல் கேட்டார். சாயங்காலம் வரை உட்கார்ந்து, எண்ணெய் ஊற்றி ஊற்றி, ரப்பரை முடியோடு சேர்த்து வெட்டி எடுத்தார். வேலை முடிந்தபோது பூனையின் பின்பாதி முழுக்க மொட்டை. தோலுரித்த எலி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

அக்காவின் வீட்டில் நாய் இருந்தது. அதனால் ஒரு வீடு கிடைக்கிற வரை குட்டி எங்கள் குளியல் கொட்டகையில் இருக்கட்டும் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பூனை இருந்தால் மூச்சை எடுத்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். பூனை முடி நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று நானே எங்கோ படித்திருந்தேன். இரண்டு பயமும் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அக்கா போய்விட்டார். மறுநாள் வாழை இலையில் மீன் தலையோடு வந்தார். மீன் வாசனை படாத வீடு எங்களுடையது. கொட்டகைக்கு வெளியே நின்று தானே ஊட்டிவிட்டு, தரையையும் கழுவிவிட்டுப் போனார்.

என் கணவர் அதற்கு ஒரு கெடு வைத்தார். அவருடைய அம்மா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டார். பேத்தியைப் பார்க்க வருகிறார். "அம்மா வந்து இறங்குறப்ப இந்த வீட்ல பூனை இருந்துச்சுன்னா அவ்வளவுதான். அதுக்குள்ள வீடு பாத்தா பாருங்க. இல்லாட்டி சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்றார். அந்தப் பாதி உடம்புக் குட்டியைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டால் ஒரு நாள் தாங்குமா? தாங்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அக்கா வீடு பார்க்கப் புறப்பட்டார். வீடு பார்ப்பது என்றால், பெண்ணைக் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கிற மாதிரியேதான். நல்ல சேலை கட்டிக்கொண்டார். மூங்கில் கூடையில் குட்டியை வைத்துத் துணியால் மூடிக்கொண்டார். துணைக்கு நான், என் இடுப்பில் குழந்தை. குட்டிக்கு ஒரு பெயராவது வைக்கலாமே என்றேன். "பேரு வெக்கிறது அது போற வீட்டுக்காரங்க பாத்தியதை. நடுவுல நாம யாரு?" என்றார்.

முதலில் பெரிய கிராணி வீட்டுக்குப் போனோம். கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு. அந்த அம்மாள் காப்பி கொடுத்து, விஷயத்தைக் கேட்டு, உடனே சரி என்றார். ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கியது. அக்கா காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். நல்ல நாள் பார்த்துச் சொல்லியனுப்புகிறோம் என்று கும்பிட்டார். கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. அவர்கள்தான் சரி என்று சொல்லிவிட்டார்களே என்றேன்.

"சரின்னு மட்டுந்தான் சொன்னாங்க. ஆணா பொண்ணான்னு கேட்டாங்களா? என்ன திங்கும்னு கேட்டாங்களா? பாதி உடம்புல முடியக் காணோமே, அதையாவது கேட்டாங்களா?" கூடையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். "ஒண்ணுமே கேக்காம வாங்கி வெக்கிற வீட்ல, அது காணாமப் போனாலும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, தங்கச்சி."

டவுனில் அரிசிக்கடை முதலாளியான சீனத் தௌக்கே நிறையவே விசாரித்தார். ஆனால் எல்லாம் எலியைப் பற்றி. அவர் தேடுவது வேலைக்கு ஆள் என்று அக்கா சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். என் மாமியாரின் கப்பல் அதற்குள் பினாங்கு வந்து சேர்ந்துவிட்டது.

கடைசியில் ஆற்றோர மலாய்க் கிராமமான கம்பத்தில் மாக் திமாவின் வீடு. சந்தையில் கீரை விற்கிற மலாய்க்கார அம்மாள். பிள்ளைகள் எல்லாம் கலியாணம் ஆகிப் போய்விட்டார்கள். கூடைத் துணியை விலக்கியதும் "அலமாக், காசியான்", ஐயோ பாவம், என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஆரம்பித்தது கேள்வி. யார் வெட்டியது, எண்ணெய் இன்னும் தடவ வேண்டுமா, ராத்திரியில் அழுமா, தாய்ப் பூனை எங்கே, மழைக்குப் பயப்படுமா? அக்கா ஒவ்வொன்றுக்கும் மலாயில் பதில் சொல்லச் சொல்ல, அக்காவின் முகம் கலியாணம் கூடி வந்த முகமாக மாறிக்கொண்டே போனது.

ஆனால் மாக் திமா அன்றைக்கு வாங்கிக்கொள்ளவில்லை. தன் வீட்டுக்கு வருகிற உயிரைத் தானே வந்துதான் அழைத்துப்போக வேண்டும், அது தன் வழக்கம் என்றார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து புருஷனோடு வருவதாகச் சொன்னார். அக்காவுக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது. நானோ விரல் விட்டு நாளை எண்ணினேன். மாமியாரின் ரயில் வியாழக்கிழமை வருகிறது.

"ஒரு நாள்தான? உங்க அத்தைய நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா.

வியாழக்கிழமை ஸ்டேஷனில் எங்களுக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். மாட்டுவண்டியில் என் மாமியார் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கப்பலில் சாப்பாடு எப்படி, தலைசுற்றல் இருந்ததா, வயிற்றுக்கு என்ன சாப்பிட்டீர்கள், ஊரில் வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வழி நெடுகக் கேட்டார். கடல் தாண்டி வந்த மனுஷியை அதுவரை ஒருவரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. நாங்களும்தான், பயத்தில், கேட்கவில்லை. மாமியாரின் முகம் இளகிக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அக்கா இறங்கவில்லை. விஷயத்தை அப்படியே போட்டு உடைத்தார்.

"பச்சப்புள்ளக்காரி வீட்ல பூனையா?" என்றார் மாமியார்.

"ஆமாம்மா. நாளைக்கிப் போயிரும். வேணாம்னு சொன்னீங்கன்னா இப்பவே நாந்தான் ஆத்துக்குக் கொண்டு போகணும். அதுக்கு முன்னாடி ஒரு தடவ நீங்க அதப் பாத்துரணும்."

என் மாமியார் கால் கழுவப் போகிறவர் மாதிரி பின்கட்டுக்குப் போனார். கொட்டகைக் கதவுக்கு நான் போட்டிருந்த தாழ்ப்பாளையும், அதற்கு மேல் கட்டியிருந்த கயிற்றையும், முட்டுக்கொடுத்திருந்த அம்மிக்குழவியையும் ஒவ்வொன்றாக விலக்கினார். உள்ளே பார்த்தார்.

"யாருடி இதுக்கு முடி வெட்டுனது? கண்ணு தெரியாதவ வெட்டுன மாதிரி இருக்கு."

"நாந்தாம்மா" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். மாமியார் குட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டார், இனிப் பயமில்லை என்று அர்த்தம்.

அடுத்த நாள் மாக் திமா புதுப் பாயும் கூடையுமாக வந்தபோது என் மாமியார்தான் பெண் வீட்டார். சுடுசோறு போடுவாளா, பழையதா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். அக்கா மலாயில் கேட்டார். ஆற்றில் மீனுக்கு என்ன பஞ்சம் என்று பதில் வந்தது. "மீனா? அப்ப நம்ம வீட்ட விட நல்ல எடந்தான்" என்று ஒப்புக்கொண்ட மாமியார், குழந்தையின் மையை எடுத்து வந்து அந்த மொட்டை முதுகில் ஒரு பொட்டு வைத்தார். இதன்மேல் யார் கண் வைக்கப் போகிறார்கள் என்று என் கணவர் முணுமுணுத்தார். "முடி மொளச்சா அழகாத்தான்டா இருக்கும்" என்றார் மாமியார். மாக் திமா அதற்கு அங்கேயே 'செலாமத்' என்று பெயர் வைத்தார். சுகமாக இரு என்று அர்த்தம்.

அவர்கள் போன பிறகு, இத்தனை நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். இந்த ஊரில் எத்தனையோ வீடு இருக்க, பூனை என்றாலே நடுங்குகிற என்னிடம் ஏன் அதைக் கொண்டுவந்து வைத்தீர்கள்?

அக்கா கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தைரியசாலி வீட்ல விட்டா, கதவத் தெறந்து போட்டுட்டுத் தூங்கப் போயிருவா. நீ ராத்திரியில நாலு தடவ எந்திரிச்சு வந்து பாத்திருப்ப. உம்புள்ளைக்காகப் பாத்த, அது சரி. ஆனா பூனையும் பொழச்சுதுல்ல? பயப்படுறவளுக்குத்தான் தங்கச்சி காவல் தெரியும். நீ அத மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு நடுங்கற. வாயத் தொறந்து கேளு. கேட்டாப் பாதி பயம் நீ கேட்ட ஆளுகிட்டப் போயிரும்."

ஆறு பெருகி வந்த வருஷம் ஸ்டேஷன் கூட்ஸ் வண்டிக்குள் நம் பெண்களையெல்லாம் ஏற்றி, ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் அவர் என்பதை உங்களில் பாதிப்பேர் நேரில் பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்கும் அவர் யாருக்கும் தைரியம் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் போய், என்ன பயம், சொல்லு என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார். தூளி கட்டக் கயிறு இல்லை என்றவளுக்குக் கயிறு வந்தது. மாடு என்ன ஆயிற்றோ என்றவளுக்கு மாட்டைப் பார்த்து வர ஆள் போயிற்று. பிறகு மேஸ்திரிக்குக் குளுவாங்குக்கு மாற்றலாகி, அக்கா நம்மை விட்டுப் போனார். இப்போது முழுக்கவே போய்விட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது தைரியம் இல்லை. அது எனக்கு வரவும் வராது. என் பயத்துக்கு வெட்கப்படாமல், அதை எடுத்துக் கேள்வியாக இன்னொருவர் முன்னால் வைக்கிற பழக்கம், அது ஒன்றுதான். போன வாரம், திரும்பவும் வந்த இருமலுக்காகக் குழந்தையை எஸ்டேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தேன். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, போகலாம் என்று மருந்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் நகரவில்லை. இன்னும் என்னம்மா என்றார் சலிப்போடு.

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கேட்டேன்.