கழுவி வந்த பெட்டி

நாட்டில் சண்டை முடிந்த வருசம், என் மகளின் சாப்பாட்டுப் பெட்டி பதினொரு நாள் தொடர்ந்து கழுவித் துடைத்து வீட்டுக்கு வந்தது. கொப்பியில் எழுதியிருக்கிறேன். முதல் நாள்: "மகள் பெட்டியைத் தானே கழுவிக்கொண்டு வந்தாள். நல்ல பழக்கம்." நான்காம் நாள்: "இன்றும்." ஒன்பதாம் நாள், "மூடியின் விளிம்பில்கூட மஞ்சள் இல்லை" என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டிருக்கிறேன். சந்தோசத்தில் போட்ட கோடு. பன்னிரண்டாம் நாள் பின்னேர வகுப்பில் மகள் மயங்கி விழுந்தாள்.

எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவள் நான். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இலிகிதர். வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும் நேரத்தோடு பதிவது என் வேலை. வீட்டிலும் அதே கைதான். மழை பெய்த நாள், கிணறு இறைத்த நாள், மகளுக்குப் பல் விழுந்த நாள் எல்லாம் பதிவில் இருக்கும். கடல் ஊருக்குள் வந்த அன்று பதினான்கு கொப்பிகள் வீட்டோடு போயின. பதினைந்தாவது கொப்பி, முகாமில் பிள்ளைகளுக்கென்று பகிர்ந்த அப்பியாசக் கொப்பிகளில் ஒன்று. சோறு கட்டும் லஞ்ச் சீட் பற்றி நான் முதன்முதலில் எழுதியது அதில்தான்.

கல்முனைக்குடியில் கடலுக்கு மூன்றாம் வீடு எங்களுடையது. நானும் கணவரும் பதினொரு வயது மகளும் தப்பினோம். என் தங்கையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் தப்பவில்லை. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு வேறு கொப்பி இருக்கிறது.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். எங்கள் வகுப்பறையில் ஏழு குடும்பம், முப்பத்திரண்டு பேர். மூன்று நேரமும் சோற்றுப் பார்சல் வந்தது. மெல்லிய பொலித்தீன் தாளில், அதைத்தான் லஞ்ச் சீட் என்கிறோம், சோற்றைக் கட்டி மேலே பத்திரிகைத் தாள் சுற்றியிருக்கும். எங்கெங்கோ இருந்து முகம் தெரியாத மனிதர்கள் சமைத்து அனுப்பிய சோறு. அவர்களை நான் இன்றைக்கும் துஆவில் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் தின்ற பிறகு அந்தத் தாள் எங்கே போகிறது என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு அறைக்கு ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு தாள். சன்னலுக்கு வெளியே கை நீட்டினால் போதும்.

பத்தொன்பதாம் நாள் காலை பெருமழை. ஒன்பது மணி போல் வகுப்பறைக்குள் தண்ணீர் வந்தது. கணுக்கால் அளவுதான். ஆனால் அந்தத் தண்ணீரைக் கண்டதும் முப்பத்திரண்டு பேரும் கத்திய கத்தலை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. பிள்ளைகளை மேசைக்கு மேல் ஏற்றினோம். ஒருவர் குர்ஆனைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். என் மகள் என் கழுத்தைப் பிடித்த பிடியில் நகம் பதிந்து இரத்தம் வந்தது. பிறகு யாரோ போய்ப் பார்த்து வந்து சொன்னார்கள், கடல் இல்லை, மழைத்தண்ணீர் ஓடும் கான் அடைத்திருக்கிறது என்று.

நானும் போனேன். கானுக்குள் கை விட்டு இழுத்தவர்களில் நானும் ஒருத்தி. சோறு ஒட்டிய லஞ்ச் சீட், ஒன்றோடு ஒன்று பின்னிக் கயிறு போல வந்துகொண்டே இருந்தது. அன்று கொப்பியில் இருப்பது இதுதான்: "முதல் தண்ணீர் அல்லாஹ்வின் நாட்டம். இரண்டாவது தண்ணீரை நாங்கள் செய்தோம். எனக்கென்று ஒரு குசினி கிடைக்கும் நாளில் இருந்து, என் கையால் ஒரு பிடி சோறும் லஞ்ச் சீட்டில் கட்டமாட்டேன்."

குசினி கிடைக்க இரண்டு வருசம் ஆனது. கடலில் இருந்து தள்ளி, வயலை நிரப்பிக் கட்டிய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு. குடிபோன கிழமையே மூன்று எவர்சில்வர் பெட்டி வாங்கி, அடியில் ஆணியால் இலக்கம் கீறினேன். ஒன்று கணவருக்கு, இரண்டு எனக்கு, மூன்று மகளுக்கு. மீனுக்கும் மரக்கறிக்கும் பன் புல்லால் இழைத்த இரண்டு பை. மீன் விற்கிறவர் முதல் மாதம் முழுக்கச் சிரித்தார். ஈரம் சொட்டுமே என்றார். சொட்டட்டும், கழுவிக்கொள்கிறேன் என்றேன். பிறகு என்னைத் தூரத்தில் கண்டாலே பொலித்தீன் சொப்பின் பேக்கை அவரே ஒதுக்கி வைக்கத் தொடங்கினார்.

கணவரோடுதான் இழுபறி. அவர் மாவடிப்பள்ளிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் களஞ்சியப் பொறுப்பாளர். போகிற வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. லஞ்ச் சீட்டில் பார்சல் கொண்டு போகிறவனைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு விடுவார்கள். உலோகப் பெட்டி என்றால் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டி, இறங்கி, தள்ளி நின்று திறந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் திறந்தார். ஒரு நாள் வந்து சொன்னார்:

"புள்ள, இண்டைக்கு ஆமிக்காரன் மூடியத் திறந்து கருவாட்டுக் கறிய மணந்து பாத்தான். நாளைக்கு அவனுக்கும் ஒரு பெட்டி கட்டுங்க."

கட்டுகிறேன், ஆனால் பெட்டி திரும்பி வர வேண்டும் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு குளிக்கப் போனார். இரண்டு பெட்டிகளைத் தொலைத்தார். அதன் பிறகு வாங்கிக் கொடுத்ததைத் தொலைக்கவில்லை. தொலைத்த நாட்களில் அவருக்குச் சோறு கட்ட வேறு ஒன்றும் வீட்டில் இல்லை என்பதை அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கந்தோரிலும் விட்டுவைக்கவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்த கிழமை, பக்கத்து மேசைக்காரர் என் பெட்டியைப் பார்த்து, எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள், இவங்க மட்டும் இன்னும் பொலித்தீனோடு சண்டை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பெட்டியைத் திறந்து சாப்பிட்டேன்.

அந்த வருசம் வரை மூன்றாம் பெட்டிக்கு வேலை இருக்கவில்லை. பள்ளி விட்டதும் மகள் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவாள். சாதாரண தரப் பரீட்சை வருசம் என்பதால் பின்னேர வகுப்புத் தொடங்கியது. காலையில் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவாள். மூன்றாம் பெட்டி அப்போதுதான் வெளியே போனது. பதினொரு நாள் கழுவி வந்தது.

மயங்கிய அன்று அவளுடைய வாப்பாதான் போய்க் கூட்டி வந்தார். நான் கந்தோரில் இருந்து வந்தபோது கட்டிலில் படுத்திருந்தாள். உதடு வெளிறிக் கிடந்தது.

"பகலைக்கு என்ன திண்டாய் மகள்?"

"ஒண்டும் திங்கல்ல உம்மா."

"சோறு?"

"ஆட்டுக்குக் கொட்டின. பள்ளிக்குப் பின்னால ஒரு ஆடு நிக்கி."

"பதினொரு நாளும் ஆட்டுக்கா?" என்றார் அவளுடைய வாப்பா. "ஆடு கொழுத்திரிக்குமே." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

மெல்ல மெல்லச் சொன்னாள். அவளும் ஐந்து கூட்டாளிகளும் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு உட்காருவார்களாம். ஐந்து பேரும் பார்சலைப் பிரித்து, லஞ்ச் சீட்டுகளை விளிம்போடு விளிம்பு விரிப்பார்களாம். அப்போது அது ஒரே விரிப்பு. யாருடைய சோறு யாருடைய கறி என்று இல்லை. கை எங்கும் போகும். இவளுடைய பெட்டிக்கு நாலு பக்கமும் சுவர். முதல் இரண்டு நாளும் இவள் தன் சோற்றை அவர்களுடைய சீட்டில் கொட்டிச் சேர்ந்து தின்றிருக்கிறாள். மூன்றாம் நாள் ஒருத்தி, நாக்குக் கொஞ்சம் நீளமானவள், சொல்லியிருக்கிறாள்:

"உங்கட உம்மாக்கு சீட் வேணாம். நீ மட்டும் எங்கட சீட்ல திங்கிறாய். நல்ல சட்டம்தான்."

மகள் எழும்பிப் போய்விட்டாள். தனியாக இருந்து தின்ன வெட்கம். சேர்ந்து தின்ன மானம் விடவில்லை. எனக்குத் தெரியக் கூடாது என்று, முதல் இரண்டு நாள் போலவே பெட்டியைக் கழுவினாள். அந்தப் பிள்ளை சொன்னதில் பிழை இல்லை என்றும் அவளே சொன்னாள். பிழை இல்லைதான். என் வீட்டில் வாங்காத தாளில் என் மகள் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறாள். மீதி நாள் பட்டினி.

செய்தி கேட்டு அடுத்த வீட்டில் இருந்து என் கூடப்பிறந்த மூத்த ராத்தா வந்தா. கதவடியில் நின்றே தொடங்கினா.

"கடல் வந்து ஊட்டயும் ஆளையும் கொண்டு போன. நீ ஒரு தாளோட மல்லுக்கட்டுறாய். உனக்குப் புள்ள பெருசா, கொப்பி பெருசா?"

கணவர் எழும்பிச் சட்டையைப் போட்டார். கடைக்குப் போய் வந்தார். மறுநாள் காலை குசினித் தட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், ஒரு லஞ்ச் சீட் பக்கெட், பிரிக்காத கட்டு, இருந்தது.

நான் அந்தப் பக்கெட்டைக் கையில் எடுத்தேன். அதை மறைக்க மாட்டேன். பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. பிள்ளை ஒல்லியாகிப் போயிருந்தாள். அதை நான் பதினொரு நாள் பார்க்காமல் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்திரிக்கோலையும் எடுத்தேன். அப்போது மகள் சீருடையோடு குசினிக்குள் வந்தாள்.

"சீட்ல கட்டினா நான் கொண்டு போகமாட்டன்."

"பசியில கிடந்து விழுவாயா?"

"அப்ப இவ்வளவு நாள் கிடந்த என்னத்துக்கு?"

பக்கெட்டைத் திரும்ப வைத்தேன். அவளுக்கு அன்று விடுப்பு எடுத்து, நானும் எடுத்து, முட்டையும் சோறும் கொடுத்து முன்னால் இருந்து அவள் தின்பதைப் பார்த்தேன். அவள் தின்னும்போதுதான் பிடிபட்டது. நான் பெட்டியையும் தாளையும் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு அது சோறு கட்டும் தாளே இல்லை. ஆறு பேர், நடுவில் ஒரே சோறு, சுற்றிவரக் கை. கலியாண வீட்டில் நாங்கள் என்ன செய்கிறோமோ அதைத்தான் அவர்கள் இரண்டு மேசைக்கு மேல் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு சஹன்.

ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகத் தின்னும் அந்தப் பெரிய வட்டத் தட்டு எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கேட்டால் கிடைக்கும். ராத்தாவிடம் இரண்டு இருந்தன. அலுமினியத்தில் ஒன்றைக் கேட்டேன். என்னத்துக்கு என்று கேட்டா. சொன்னேன். "உனக்குப் பைத்தியம்" என்று சொல்லி, புளி போட்டுத் தேய்த்தே தந்தா.

அடுத்த நாள் கணவரின் பின்னால் சஹனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். தெரு முழுக்கப் பார்த்தது. எங்கே கலியாணம் என்று இரண்டு பேர் கேட்டார்கள். பள்ளி வாசலில் பிரதி அதிபர், என்னைவிட இளைய பெண், வழியை மறித்தார்.

"என்ன, பள்ளிக்குள்ள கந்தூரிச் சாப்பாடா?"

"ஓம் டீச்சர். பரீட்சை முடியும் மட்டும் ஒவ்வொரு நாளும்."

முழுக்கதையையும் சொன்னேன். ஆடு வந்த இடத்தில் அவருடைய முகம் மாறியது. மனையியல் அறையில் சஹனை வைக்க ஒரு அலுமாரித் தட்டு ஒதுக்கினார்.

இடைவேளைக்கு ஆறு பிள்ளைகளும் வந்தார்கள். சஹனை மேசையில் வைத்து, இன்றைக்குச் சீட்டில் கொண்டு வந்ததை இதில் கொட்டுங்கள் என்றேன். நாளைக்கு எதில் கட்டுவது என்பதை உங்கள் உம்மாமாரோடு பேசிக்கொள்ளுங்கள், நான் யாரையும் வற்புறுத்த வரவில்லை, ஆனால் என் மகள் இனி யாருடைய தாளிலும் தின்னமாட்டாள் என்றும் சொன்னேன். நீள நாக்குக்காரி மட்டும் கேட்டாள்:

"சஹன ஆரு கழுவுற?"

சரியான கேள்வி. அதற்குத்தான் நான் தயாராக வந்திருந்தேன். பையில் இருந்து தாளை எடுத்தேன். கிழமைக்கு ஐந்து நாள், பிள்ளைகள் ஆறு, ஒருத்தி மாறி ஒருத்தி, பரீட்சை வரை கோடு போட்ட அட்டவணை. அவள் அதை வாங்கி மேலிருந்து கீழே வாசித்தாள்.

"நாளைக்கு நானா?"

"ஓம். சட்டம் பேசினவதான் முதல்."

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். முதல் பார்சலை அவள்தான் பிரித்துக் கொட்டினாள். என் மகள் பெட்டியைக் கவிழ்த்தாள். நான் நிற்கவில்லை, நின்றால் தின்னமாட்டார்கள்.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். மூன்று பேர் பெட்டிக்கு வந்தார்கள், நீள நாக்குக்காரியும் ஒருத்தி. இரண்டு பேர் கடைசி வரை சீட்டில் கொண்டு வந்து சஹனில் கொட்டினார்கள். அவர்களுடைய வீட்டுக் குசினி என்னுடையது அல்ல.

சஹன் கொண்டு போன அன்று பின்னேரம் கணவர் பக்கெட்டைக் காட்டி, இதை என்ன செய்வது, ராத்தாவுக்குக் கொடுப்போமா என்று கேட்டார். கொடுத்தால் அது ராத்தா வீட்டில் இருந்து கானுக்குப் போகும் என்றேன். அங்கேயே இருக்கட்டும். இப்போதும் இருக்கிறது, பிரிக்காமல், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில். வந்தவர்கள் கேட்டால் சொல்வேன்: அது நான் ஒரு நாள் கையில் எடுத்தது.

அன்று ஐந்து மணிக்கு மகள் வந்தாள். புத்தகப் பையைக் கட்டிலில் எறிந்தாள். பெட்டியைத் திறந்தேன். உள்ளே மஞ்சள், மூலையில் காய்ந்த பருப்பு, மூடியில் யாருடைய வீட்டுச் சம்பலோ, என்னுடையது இல்லை. கழுவாமல் கொண்டு வந்ததற்கு ஏசவில்லை. கொப்பியை எடுத்தேன்.

"பெட்டி மூன்று. கழுவாமல் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்."